2.24-இல் நிறுத்தாத குழு: ஓர் இதய ஆய்வும் தொடர்முறைச் சோதனையும்

1979 அக்டோபர். அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய இதய மருந்து ஆய்வின் இரண்டாவது இடைக்காலக் கணக்கு, தரவுக் கண்காணிப்புக் குழுவின் மேசைக்கு வருகிறது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் ஒரு பாதிப் பேருக்குப் புரோப்ரனலால் மாத்திரை, மறுபாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரு பக்க இறப்புகளையும் ஒப்பிட்டால் கிடைத்த இசட் மதிப்பு (தற்செயலாக வரக்கூடிய வழக்கமான அலைச்சலைப்போல் வித்தியாசம் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்) 2.24. மருந்து சாப்பிட்டவர்கள் பக்கம் குறைவாக இறந்திருக்கிறார்கள்.

புள்ளியியலில் முதல் வருடம் படித்த யாருக்கும் 1.96 என்ற எண் தலைகீழாகத் தெரியும். அதைத் தாண்டினால் வித்தியாசம் தற்செயல் அல்ல என்று எழுதிவிடலாம், 5 சதவீதம் மட்டுமே தவறும் வாய்ப்பு என்று பாடம் சொல்கிறது. 2.24 அதைத் தாராளமாகத் தாண்டிவிட்டது. பி-மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வரும் வாய்ப்பு, 0.025. ஆனாலும் குழு ஆய்வை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு வருடங்கள், நான்கு கணக்குகள் கழித்துத்தான் நிறுத்தியது.

அந்த இரண்டு வருடங்களில் போலி மாத்திரை சாப்பிட்டவர்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். மருந்து உண்மையிலேயே வேலை செய்தது என்பதும் கடைசியில் தெரிந்தது. அப்படியானால் 1979-இல் எடுத்த முடிவு தவறா? இல்லை என்பது என் கட்சி. ஆனால் அதைச் சொல்ல முதலில் வேறொரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆய்வின் விவரம்

ஆய்வின் பெயர் 'பீட்டா-பிளாக்கர் ஹார்ட் அட்டாக் டிரையல்'. பீட்டா-பிளாக்கர் என்பது புரோப்ரனலால் சேர்ந்த மருந்து வகை. துறையில் 'பிஹாட்' என்பார்கள். அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் நடத்தியது. 31 மருத்துவ மையங்கள், 30 முதல் 69 வயது வரையிலான 3,837 நோயாளிகள். 1978 ஜூனில் ஆள் சேர்க்கத் தொடங்கி 1980 அக்டோபரில் முடித்தார்கள். 1982 ஜூன் வரை எல்லோரையும் பின்தொடர்வது என்று திட்டம். முதன்மைக் கேள்வி ஒன்றே ஒன்று: எந்தக் காரணத்தாலாவது நிகழும் இறப்பை இந்த மருந்து குறைக்கிறதா?

இவ்வளவு பெரிய, இவ்வளவு நீண்ட ஆய்வில் கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. மருந்து ஆளைக் கொல்கிறது என்றால் உடனே தெரிய வேண்டும். காப்பாற்றுகிறது என்றாலும் போலி மாத்திரையை நீட்டிக்கொண்டே போவது நியாயமில்லை. அதனால் ஆய்வு நடத்தும் மருத்துவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு குழு, சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரையை விலக்கி எண்களைப் பார்க்கும். மொத்தம் ஏழு பார்வைகள்.

சிக்கல் அந்த ஏழில்தான் இருக்கிறது.

எட்டிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு

5 சதவீதம் என்ற உத்தரவாதம் ஒரே ஒரு முறை, முன்பே தீர்மானித்த அளவு தரவு சேர்ந்தபின் பார்ப்பவருக்கு மட்டும் பொருந்தும். தரவு சேரச் சேரத் திரும்பத் திரும்பப் பார்த்து, எப்போது 1.96 தாண்டுகிறதோ அப்போது நிறுத்துகிறேன் என்பவருக்கு அது செல்லாது. இசட் மதிப்பு நிலையாக நிற்பதில்லை. மருந்துக்கும் போலிக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லாவிட்டாலும் அது மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். அலையின் உச்சியில் பிடித்து நிறுத்தும் சுதந்திரத்தை நமக்கு நாமே கொடுத்துக்கொண்டால், உச்சி எப்போதாவது கிடைத்தே தீரும்.

1969-இல் ஆர்மிடேஜ், மெக்ஃபர்சன், ரோ என்ற மூன்று புள்ளியியலாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது, 5 சதவீத அளவுகோலை வைத்து இரண்டு முறை பார்த்தால் தவறாக 'இருக்கிறது' என்று சொல்லும் வாய்ப்பு 8.3 சதவீதம். ஐந்து முறை பார்த்தால் 14.2. பத்து முறைக்கு 19.3. இருபது முறைக்கு 24.8, அதாவது நாலில் ஒன்று. பார்த்துக்கொண்டே போனால் இது 100 சதவீதத்தை நோக்கிப் போகும். பொறுமை மட்டும் இருந்தால் எந்த வெறும் பொருளையும் மருந்தாக நிரூபித்துவிடலாம் என்று இதற்குப் பொருள்.

இது மருத்துவத்துக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. நான் வேலை பார்த்த ஒரு மென்பொருள் குழுவில், பதிவுப் படிவத்தை ஒரே பக்கத்தில் வைப்பதா, இரண்டாகப் பிரிப்பதா என்று பயனர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதித்தோம். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை, திரையைப் புதுப்பித்துப் பி-மதிப்பைப் பார்ப்பது. ஆறாம் நாள் 0.04 என்று காட்டியது. அன்று மதியமே எல்லோருக்கும் புதுப் படிவத்தைத் திறந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பதிவு எண்ணிக்கை பழைய இடத்திலேயே நின்றது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் எண்ணைத் திருத்தவில்லை. ஆறு முறை பார்த்தோம், ஒரு முறை பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். (பிறகு ஒரு காரியம் செய்தேன்: பழைய படிவத்தைப் பழைய படிவத்தோடேயே மோதவிட்டேன். சில நாள் இடைவெளியில் அதுவும் தன்னைத்தானே 'வென்றது'. சந்தேகப்படும் மேலாளரிடம் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.)

ஆக, பிஹாட் குழுவின் முன் 2.24 வந்து நின்றபோது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி 'இது 1.96-ஐத் தாண்டியதா' என்பதல்ல. 'ஏழு முறை பார்க்கப்போகிற எங்களுக்கு, இரண்டாம் முறையில் எவ்வளவு இருந்தால் போதும்?'

கேப்டன் ஸ்கைலரின் முணுமுணுப்பு

பாதியில் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு ஒழுங்கான கணிதம் பிறந்தது ஆயுதக் கிடங்கில். 1943-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போர்க்காலப் புள்ளியியல் ஆய்வுக் குழு ஒன்று இயங்கியது. அதை நடத்தியவர் ஆலன் வாலிஸ். விமான எதிர்ப்பு வெடிபொருள்களில் இரண்டு வகையை ஒப்பிட எத்தனை குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும் என்று கடற்படைக் கேப்டன் கேரட் ஸ்கைலருக்கு அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் வந்தது. கேப்டனுக்குப் பிடிக்கவில்லை. அனுபவசாலியான ஓர் அதிகாரி களத்தில் நின்றால், முதல் சில நூறு குண்டுகளிலேயே இனிச் சுடத் தேவையில்லை என்று சொல்லிவிடுவாரே, உங்கள் புள்ளியியலுக்கு அந்தப் புத்தி கிடையாதா என்பது அவர் கேள்வியின் சாரம்.

வாலிஸ் இதை மில்டன் ஃபிரீட்மனிடம் சொன்னார். பின்னாளில் பொருளாதாரத்தில் நோபல் வாங்கிய அதே ஃபிரீட்மன்தான். இருவரும் யோசித்துப் பார்த்து, இது தங்கள் கணிதத்துக்கு மேற்பட்டது என்று கணிதவியலாளர் ஆபிரகாம் வால்டிடம் கொண்டுபோனார்கள். வால்டுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. அப்படி ஒரு சோதனை இருந்தாலும் இருப்பதைவிட மட்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். இரண்டு நாளில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்: இருக்கிறது, இப்போது இருப்பதைவிட மேலானது, எப்படிச் செய்வது என்பதும் தெரிந்துவிட்டது.

எழுதிய அறிக்கையைப் போர் முடியும் தறுவாய் வரை வெளியிடவில்லை. தரவு வர வரப் பார்த்து முடிவெடுக்கும் இந்தத் 'தொடர்முறைச் சோதனை' 1945-இல்தான் வெளியுலகுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் பர்னார்ட் தனியாக இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங், ஜெர்மானியரின் எனிக்மா குறியீட்டை உடைக்கச் சான்றுகளுக்கு 'டெசிபான்' என்ற அலகில் எடை போட்டு, கூட்டிக்கொண்டே போய், போதும் என்ற இடத்தில் நிறுத்தும் வேலையை அதற்கும் முன்பே செய்துகொண்டிருந்தார். ஒரே கருத்து, மூன்று இடம், மூன்றும் ரகசியம். வால்ட் இதற்குப் பிறகு அதிக நாள் வாழவில்லை. விரிவுரைப் பயணமாக இந்தியா வந்தவர், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்தார்.

அவருடைய முறையை ஓர் உதாரணத்தோடு பார்த்துவிடலாம், கையால் போடக்கூடிய கணக்குதான். ஒரு பெட்டியில் வரும் உதிரிபாகங்களில் 2 சதவீதம் பழுது என்றால் ஏற்கலாம், 6 சதவீதம் என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். நல்ல பெட்டியைத் திருப்பிவிடும் தவறு 5 சதவீதத்துக்கும், கெட்ட பெட்டியை ஏற்றுவிடும் தவறு 10 சதவீதத்துக்கும் மிகாமல் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துப் பார்த்து, 'இது கெட்ட பெட்டியாக இருந்தால் இப்படி அமைய எவ்வளவு வாய்ப்பு, நல்ல பெட்டியாக இருந்தால் எவ்வளவு' என்ற விகிதத்தின் மடக்கையை (இயல் மடக்கை, ln) கூட்டிக்கொண்டே போக வேண்டும். பழுதான பாகம் கிடைத்தால் விகிதம் 0.06-க்கு 0.02, மடக்கை 1.0986. நல்ல பாகம் கிடைத்தால் 0.94-க்கு 0.98, மடக்கை −0.0417. மேல் எல்லை 0.90-ஐ 0.05-ஆல் வகுத்தால் வரும் 18-இன் மடக்கை, 2.89. கீழ் எல்லை 0.10-ஐ 0.95-ஆல் வகுத்ததன் மடக்கை, −2.25. கூட்டுத்தொகை மேல் எல்லையைத் தொட்டால் பெட்டியைத் திருப்பு. கீழ் எல்லையைத் தொட்டால் ஏற்றுக்கொள். நடுவில் இருந்தால் அடுத்த பாகத்தை எடு.

இதன் விளைவைப் பாருங்கள். பழுதே வராமல் போனால் 55-ஆவது பாகத்தில் வேலை முடிந்தது. ஒரே ஒரு பழுது வந்தால் 82 வரை போக வேண்டும். முதல் 12 பாகங்களுக்குள் மூன்று பழுது வந்துவிட்டால் அங்கேயே பெட்டியை மூடிவிடலாம். இதே உத்தரவாதத்துக்கு, எண்ணிக்கையை முன்கூட்டியே நிர்ணயித்துச் சோதித்தால் சுமார் 180 பாகங்கள் வேண்டும். வால்டின் வழியில் பெட்டி நல்லதானால் சராசரியாக 106, கெட்டதானால் 89. ஏறக்குறையப் பாதி. பழுது 2-க்கும் 6-க்கும் நடுவே எங்கோ இருந்தால்தான் இழுக்கும், அப்போதும் சராசரி 142 அளவில் நிற்கும். சராசரி என்பதை மறக்கக் கூடாது. ஏதோ ஒரு பெட்டி 180-ஐயும் தாண்டி இழுத்தடிக்கலாம்.

இதைவிடக் குறைந்த சராசரியில் அதே இரண்டு உத்தரவாதங்களைத் தரும் சோதனை எதுவும் கிடையாது என்று 1948-இல் வால்டும் வுல்ஃபோவிட்ஸும் நிரூபித்தார்கள். கேப்டனின் அனுபவசாலி அதிகாரி இந்தச் சோதனையோடு போட்டி போட்டால் தோற்பார், அல்லது அவருடைய தவறுகளை யாரும் எண்ணிவைக்கவில்லை என்று தெரியவரும்.

மருத்துவமனைக்குள் வந்தபோது

உதிரிபாகத்துக்குப் பொருந்தியது அப்படியே நோயாளிக்குப் பொருந்தவில்லை. பாகத்தை எடுத்த நொடியில் பழுதா இல்லையா என்று தெரிந்துவிடும். மருந்து கொடுத்தவர் பிழைத்தாரா என்று தெரிய வருடங்கள் ஆகும். ஒவ்வொரு இறப்புக்கும் ஒரு குழுவைக் கூட்டவும் முடியாது. தரவு மையங்களிலிருந்து வர வேண்டும், சரிபார்க்க வேண்டும். அதனால் தொகுதி தொகுதியாகப் பார்க்கும் முறை வந்தது.

ஸ்டூவர்ட் போகாக் 1977-இல் ஒரு வழி சொன்னார். எத்தனை முறை பார்க்கப்போகிறாய் என்று முன்பே சொல்லிவிடு, ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் கொஞ்சம் கடினமான கோட்டைப் போட்டுக்கொள். ஏழு பார்வை என்றால் அந்தக் கோடு 2.485. எளிமையானது. ஆனால் கடைசிவரை காத்திருந்து 2.3 வாங்கியவருக்கு 'நிரூபணம் இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் அது எவ்வளவு சங்கடம் என்று.

1979-இல் ஓ'பிரையன், ஃப்ளெமிங் இருவரும் வேறு வடிவம் கொடுத்தார்கள். தொடக்கத்தில் கோடு வானளாவ நிற்கும், தரவு சேரச் சேர இறங்கும், கடைசியில் கிட்டத்தட்ட 1.96-இலேயே வந்து நிற்கும். ஏழு பார்வைக்குக் கடைசிக் கோடு 2.06. முந்தையவற்றைப் பெற, ஏழைப் பார்வை எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 2.06-ஓடு பெருக்கினால் போதும். முதல் பார்வைக்கு 5.46, இரண்டாவதுக்கு 3.86. சிறிதளவு தரவை வைத்துக்கொண்டு பெரிய முடிவு எடுக்க வேண்டுமானால் வித்தியாசம் அசாதாரணமாக இருக்க வேண்டும் என்ற நடைமுறைப் புத்தி இந்தச் சூத்திரத்தில் இருக்கிறது.

தேதியைக் கவனித்தீர்களா? ஆய்வு தொடங்கியது 1978. இந்தக் கட்டுரை அச்சில் வந்தது 1979. மை காயாத ஒரு முறையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பிஹாட் குழு முடிவெடுத்தது.

ஆறு எண்கள்

குழு பார்த்தவை இவை. முதலில் தாண்ட வேண்டிய கோடு, அடுத்துக் கிடைத்த மதிப்பு.

1979 மே: 5.46, 1.68
1979 அக்டோபர்: 3.86, 2.24
1980 மார்ச்: 3.15, 2.37
1980 அக்டோபர்: 2.73, 2.30
1981 ஏப்ரல்: 2.44, 2.34
1981 அக்டோபர்: 2.23, 2.82

இரண்டாவது முதல் ஐந்தாவது வரை உள்ள வரிகளை நிதானமாகப் படித்தால் அந்த அறையின் அவஸ்தை புரியும். ஒன்றரை வருடம் எண் அசையவே இல்லை. 2.24, 2.37, 2.30, 2.34. ஒவ்வொரு முறையும் பாடப்புத்தக அளவுகோல்படி 'நிரூபணம்', ஒவ்வொரு முறையும் கோட்டுக்குக் கீழே. கோடு இறங்கிக்கொண்டே வருகிறது. 1981 ஏப்ரலில் இடைவெளி வெறும் 0.10. அப்போதும் நிறுத்தவில்லை. அதே மாதம் நார்வேயிலிருந்து டைமலால் என்ற இன்னொரு பீட்டா-பிளாக்கர் பற்றிய ஆய்வு வெளியாகி, அதுவும் இறப்பைக் குறைக்கிறது என்று சொன்னது.

ஆறாவது முறை 2.82. கோடு 2.23. ஒன்பது மாதம் மீதமிருக்கையில் ஆய்வை நிறுத்தினார்கள். வெளியான இறுதிக் கணக்கு: புரோப்ரனலால் பக்கம் 1,916 பேரில் 138 இறப்பு, 7.2 சதவீதம். போலி மாத்திரைப் பக்கம் 1,921 பேரில் 188 இறப்பு, 9.8 சதவீதம்.

இந்த ஆறு எண்களையும் மற்றக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த பயிற்சி. கோடே போடாமல் 1.96-ஐ நம்பியிருந்தால் 1979 அக்டோபரிலேயே, ஆள் சேர்ப்பு முடிய ஒரு வருடம் இருக்கும்போதே, முடிந்திருக்கும். போகாக்கின் 2.485-ஐ வைத்திருந்தால்? ஐந்து முறையும் கீழே, ஆறாவதில்தான் தாண்டியிருக்கும். இந்த ஆய்வைப் பொறுத்தவரை போகாக் கோடும் ஓ'பிரையன்-ஃப்ளெமிங் கோடும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கும். இடையில் எப்போதும் 3, கடைசியில் மட்டும் வழக்கமான அளவு என்று ஹேபிட்டிலும் பீட்டோவும் சொன்ன விதியைப் பின்பற்றியிருந்தால் ஆறாவதிலும் நிறுத்தியிருக்க முடியாது, 1982 ஜூன் வரை போயிருக்கும். ஒரே தரவு, நான்கு விதி, மூன்று தேதி. எது சரி என்று தரவிடம் கேட்டால் பதில் வராது. திரையை விலக்கும் முன்பே நாம் எதை ஒப்புக்கொண்டோம் என்பதில்தான் பதில் இருக்கிறது.

கோடு தாண்டிய பிறகும் பேச்சு நடந்தது

2.82 வந்ததும் மணி அடித்து எல்லோரும் எழுந்துபோய்விடவில்லை. கோடு ஒரு கருவி, தீர்ப்பு அல்ல. மீதி ஒன்பது மாதமும் நடந்தால் இந்த முடிவு தலைகீழாக மாற வாய்ப்பு இருக்கிறதா என்று நிபந்தனை நிகழ்தகவு முறையில் கணக்குப் போட்டார்கள். மிகக் குறைவு என்று வந்தது. இரு பக்கத்து நோயாளிகளும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருந்தார்களா, பலன் வெவ்வேறு வகை நோயாளிகளிடம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். நார்வே முடிவும் மேசையில் இருந்தது.

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதம் ஒன்று இருந்தது. மருந்து உதவுகிறது, சரி. எத்தனை வருடம் கொடுக்க வேண்டும்? சராசரியாக 25 மாதம்தான் பின்தொடர்ந்திருக்கிறார்கள். நிறுத்திவிட்டால் நீண்டகால விவரம் எப்போதுமே கிடைக்காது. இந்த வாதம் தோற்றது. போலி மாத்திரையில் இருப்பவர்களிடம் போய் 'உங்களுக்கு உதவாது என்று தெரியும், இருந்தாலும் இன்னும் ஒன்பது மாதம்' என்று சொல்ல முடியாது.

அப்படியானால் 1979 அக்டோபரில் மட்டும் எப்படிச் சொல்ல முடிந்தது? அப்போது 'தெரியும்' என்று சொல்லும் நிலை இல்லை என்பதே என் பதில். 2.24 அளவிலான ஆரம்பகாலப் பாய்ச்சல்கள் வெறும் மாத்திரைக்கும் வரும். அதை நம்பி நிறுத்திய ஆய்வை வெளியே இருக்கும் மருத்துவர்கள் நம்பியிருக்கவும் மாட்டார்கள், இன்னொருவர் இன்னொரு ஆய்வைத் தொடங்கி மறுபடியும் பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுத்திருப்பார். ஆனாலும் 188-க்கும் 138-க்கும் உள்ள ஐம்பது பேர் வித்தியாசம் சும்மா ஒரு கழித்தல் கணக்கு இல்லை. இதைச் சங்கடமே இல்லாமல் சொல்கிறவர் இந்தக் குழுக்களில் உட்காரக் கூடாது.

மிச்சமிருந்த இரண்டு பிரச்சினைகள்

பிஹாட் ஒரு தொழில்நுட்ப ஓட்டையை வெளிக்காட்டியது. ஓ'பிரையன்-ஃப்ளெமிங் கோடு, பார்வைகளுக்கிடையே சம அளவு தகவல் சேர்வதாக எடுத்துக்கொள்கிறது. குழுவோ நாட்காட்டியைப் பார்த்துக் கூடியது. இறப்புகள் நாட்காட்டிக்குக் கட்டுப்படாது. இடையில் ஒரு கூட்டம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் கணக்கு குலைந்துவிடும். அதே நிறுவனத்தில் இருந்த கோர்டன் லேனும் டேவிட் டிமெட்ஸும் 1983-இல் இதற்கு வழி கண்டார்கள். 5 சதவீதத் தவறை ஒரு பட்ஜெட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு தகவல் சேர்ந்தால் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வளைவை மட்டும் முன்பே எழுதிவிடுங்கள், எத்தனை முறை, எப்போது என்பது உங்கள் இஷ்டம். மருந்து ஆய்வுகளில் இன்று மிகப் பரவலாக இருப்பது இதுதான்.

இன்னொரு பிரச்சினைக்கு அவ்வளவு சுத்தமான தீர்வு இல்லை. கோட்டைத் தாண்டிய நேரத்தில் நிறுத்துகிறோம் என்றால், அதிர்ஷ்டம் நம் பக்கம் இருந்த நேரத்தில் நிறுத்துகிறோம் என்றும் பொருள். அதனால் பாதியில் நிறுத்திய ஆய்வு காட்டும் பலன் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். 2010-இல் வந்த ஒரு மதிப்பாய்வு, பலன் தெரிந்து பாதியில் நிறுத்திய 91 ஆய்வுகளை, அதே கேள்விகளைக் கேட்டு முழுதாக முடித்த 424 ஆய்வுகளோடு ஒப்பிட்டது. நிறுத்தியவை கணிசமாக மிகைப்படுத்தியிருந்தன. நிகழ்வுகள் குறைவாக இருந்த சிறிய ஆய்வுகளில் மிகை அதிகம். பிஹாட் மாதிரி 300-க்கு மேல் இறப்பு பதிவான ஆய்வில் இந்தக் கவலை குறைவு. இருபது முப்பது நிகழ்வுகளோடு 'அபாரமான பலன், பாதியில் நிறுத்தினோம்' என்று வரும் செய்தியைப் படிக்கும்போது நான் பலனைப் பாதியாக்கித்தான் மனதில் வைத்துக்கொள்வேன். இது சூத்திரம் இல்லை, என் பழக்கம்.

வேறு இடங்களில்

பலனுக்காக நிறுத்துவதைப் பற்றியே பேசினேன். தீங்குக்காக நிறுத்திய நிகழ்வுகளில் மறக்க முடியாதது 1989. மாரடைப்புக்குப் பின் வரும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பை அடக்கும் என்கனைட், ஃப்ளெகனைட் மருந்துகள் நிச்சயம் உயிர் காக்கும் என்று மருத்துவ உலகமே நம்பியிருந்தது. துடிப்பை அடக்கின, உண்மை. வெளியான கணக்கில் மருந்துப் பக்கம் 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், போலி மாத்திரைப் பக்கம் 743 பேரில் 26 பேர். இடையில் பார்க்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

வால்டின் பழைய கூட்டுத்தொகைச் சோதனை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்ட் ஷிப்மன் என்ற மருத்துவர் தன் நோயாளிகளையே கொன்றார். 215 பேர் என்று விசாரணை ஆணையம் முடிவு செய்தது. அவருடைய நோயாளிகளின் இறப்புகளை வழக்கமான எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, வருடா வருடம் கூட்டிக்கொண்டே வந்திருந்தால், 1998-இல் அவர் பிடிபடுவதற்குப் பல வருடம் முன்பே எல்லையைத் தாண்டியிருக்கும் என்று புள்ளியியலாளர் ஸ்பீகல்ஹால்டரும் சகாக்களும் 2003-இல் காட்டினார்கள்.

சதுரங்க மென்பொருளான ஸ்டாக்ஃபிஷில் யாராவது ஒரு வரியை மாற்றினால், பழைய வடிவமும் புதிய வடிவமும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடும். கூட்டுத்தொகை 2.94-ஐத் தொட்டால் மாற்றம் உள்ளே, −2.94-ஐத் தொட்டால் வெளியே. இரு தவறுக்கும் 5 சதவீதம் என்றால் 0.95-ஐ 0.05-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் வருவது அதுதான். மேலே பெட்டிக்குப் போட்ட அதே கணக்கு, எண்கள் மட்டும் வேறு.

2020-இல் ஃபைசர்-பயோஎன்டெக் கோவிட் தடுப்பூசி ஆய்வில் 32, 62, 92, 120 நோயாளிகள் சேரும்போது இடைப்பார்வை, 164-இல் இறுதி என்று எழுதிவைத்திருந்தார்கள். 32-இல் பார்ப்பதை வேண்டாமென்று கைவிட்டார்கள். அடுத்துத் திரையை விலக்கியபோது தொற்று கண்டவர்கள் 94 ஆகியிருந்தார்கள். இறுதிக் கணக்கில் 170 பேர்: ஊசி போட்டவர்களில் 8, போலி ஊசியில் 162. இந்த அளவு வித்தியாசத்துக்கு எந்தக் கோடும் குறுக்கே நிற்காது.

பிஹாட்டுக்கு அந்தச் சொகுசு கிடைக்கவில்லை. பீட்டா-பிளாக்கரின் பலன் நூறு பேருக்கு இரண்டு மூன்று உயிர். அவ்வளவு மெல்லிய பலனைத் தற்செயலிலிருந்து பிரித்தெடுக்க ஐந்து கூட்டங்களில் 'இன்னும் இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏழாவது கூட்டத்துக்கு என்று எழுதிவைத்த 2.06 என்ற கோடு கடைசிவரை பயன்படவே இல்லை.